இடது கன்னம்

திபாகர் மொத்தம் நாற்பத்தோரு முறை செத்தான். முதல் சாவு நிஜம். மற்ற நாற்பதையும் நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டோம்.

நாங்கள் வேலை செய்வது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பவுண்டரி. பெயர் எதற்கு? பம்புக்கும் மோட்டாருக்கும் இரும்பு உறை வார்க்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நாச்சிமுத்து, உருக்குப் பிரிவு சூப்பர்வைசர். என் ஷிஃப்டில் இரும்பு ஒரு நாளும் லேட்டானதில்லை என்று இருபத்திரண்டு வருஷமாகப் பீற்றிக்கொண்டு திரிந்தவன். திபாகர் ஒடிசாக்காரன், இருபத்தாறு வயது. உலை மேடையில் நின்று பழைய இரும்பை உள்ளே தள்ளுவது அவன் வேலை. எங்கள் வாயில் அவன் பெயர் திவாகர் என்றுதான் வரும். இரண்டு வருஷம் திருத்திப் பார்த்துவிட்டு அவனே விட்டுவிட்டான். இப்போது சரியாகச் சொல்கிறேன். செத்தபிறகு மரியாதை கொடுப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு இரண்டாம் நம்பர் உலை வெடித்தது. மின்சாரத்தில் உருக்கும் உலை அது. அடியில் இரும்பு தண்ணீராக நிற்கும், மேலே பழைய இரும்பைப் போட்டுக்கொண்டே இருப்போம். சில நாள் மேலே போட்டது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூடி மாதிரி கட்டிவிடும். அது தெரியாமல் மின்சாரத்தை ஓடவிட்டால் கீழே இருக்கிற இரும்பு அளவுக்கு மீறிக் காய்ந்து, மூடியைப் பிளந்துகொண்டு பாயும். பாய்வதற்கு முன் மூடியின் ஓரத்தில் ஒரு சீறல் கேட்கும். ஐந்தாறு வினாடிதான். காதில் விழுந்தவன் ஓடித் தப்பலாம்.

எனக்கு விழுந்தது. ஓடினேன். நாலடி தள்ளி நின்ற திபாகர் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தபோது மேடையில் ஒரு ஆள் உயரத்துக்கு வெள்ளையாக ஏதோ நின்றது. அதற்குக் கைகள் இருந்தன.

அந்தக் காலத்தில், அதாவது ஆறு வருஷம் முன்பு வரை, இப்படி ஏதாவது நடந்தால் இரண்டு அதிகாரிகள் வந்து எழுதிக்கொண்டு போவார்கள், மூன்றாம் நாள் உலை எரியும். இப்போது சட்டம் வேறு. ஒரு இயந்திரம் ஆளைக் கொன்றால், அதில் வேலை செய்கிறவர்களே ஒரு வட்டமாக உட்கார்ந்து, அந்தச் சாவிலிருந்து ஒரு பாடம் கண்டுபிடித்து, அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். அதுவரை அந்த இயந்திரம் ஓடக் கூடாது. கற்றல் வட்டம் என்று பெயர். செவ்வாய்க்கிழமை டீ முடிந்ததும் பத்தே காலுக்குக் கேன்டீன் பின்னால் இருக்கும் அறையில் கூடுவோம்.

நான்கு பேர். நான், கிரேன் ஓட்டும் குப்புராஜ், இரும்பின் பதம் பார்க்கும் லேப் ரங்கநாயகி, திபாகரின் ஊர்க்காரன் பிரபுல்லா. வட்டத்தை நடத்த வெளியிலிருந்து மெஹ்ருன் என்ற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். முப்பது வயது இருக்கும். அதிர்ந்து பேசமாட்டாள்.

"இங்க ஒரே ஒரு விதிதாங்க," என்றாள் முதல் நாள். "யாரும் யோசனை சொல்லக் கூடாது. யார் மேலயும் குத்தம் சொல்லக் கூடாது. கேள்வி மட்டும்தான் கேக்கலாம். யாரைக் கேட்டாங்களோ அவங்க தெரிஞ்சதைச் சொல்லணும். தெரியலைன்னா போய்ப் பாத்துட்டு வந்து சொல்லணும்."

"எங்க போயிப் பாக்கறது?" என்றான் குப்புராஜ்.

அவள் மூலையில் இருந்த நாற்காலியைக் காட்டினாள். அதற்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. நாங்கள் பல் டாக்டர் சேர் என்போம்.

"திபாகர் ஹெல்மெட்டுக்குள்ள ஒரு வலை இருந்துச்சு. அவர் கண்டது, கேட்டது, தோல்ல பட்டது எல்லாம் அதுல பதிவாயிருக்கு. அதை உங்க உடம்புக்குத் திருப்பிக் குடுப்போம். நீங்க சும்மா இருந்தா நடந்தது நடந்தபடி நடக்கும். வேற மாதிரி கையக் கால அசைச்சீங்கன்னா, அதுக்கு மேல என்ன ஆயிருக்கும்னு மெஷின் கணக்குப் போட்டுக் காட்டும்."

"செத்துப் போயிட்டா?"

"வெளிய வந்துருவீங்க."

"வலிக்குங்களா?" இது ரங்கநாயகி.

"வலிக்கணுங்க. பத்துல மூணு பங்குதான் விடுவோம். முழுசா விட்டா இதயம் நின்னுரும்." கொஞ்சம் நிறுத்தி, "வெடிக்கறதுக்கு முன்னாடி நாப்பது வினாடியிலேர்ந்து ஆரம்பிக்கும். அதுக்கும் முன்னாடி போகணும்னா வட்டம் காரணம் சொல்லிக் கேக்கணும்," என்றாள்.

குப்புராஜ் முதலில் போனான். ஆறடி ஆள், கோயில் கெடா வெட்டில் ஒரே வெட்டு வெட்டுகிறவன். நாற்பதாவது வினாடியில் அவன் உடம்பு நாற்காலிப் பட்டையை மீறி வில்லாக வளைந்தது. கண் இரண்டும் திறந்திருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை. அலறல் முதலில் வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அப்புறம் வந்த சத்தத்தைக் கேட்டுக் கேன்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். வெளியே வந்ததும் தன் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தான். தோல் இருக்கிறதா என்று என்னைக் கேட்டான். இருக்கிறது என்றேன். நம்பாமல் ரங்கநாயகியையும் கேட்டான்.

அவள் அடுத்து போனாள். உருகிய இரும்பு முதலில் நெஞ்சில் பட்டதாம். சுடவில்லை, யாரோ கடப்பாறையால் குத்தியது போல் கனமாக இறங்கியதாம். சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டு எரிந்ததாம். மூச்சை இழுத்தபோது நெருப்பு உள்ளே போனதாம். இவ்வளவையும் நோட்டில் எழுதினாள், கையெழுத்து கோணாமல். பிறகு வெளியே போய் வாந்தி எடுத்தாள்.

மூன்று வாரம் இப்படியே போனது. திபாகர் உடம்பில் ஏறி இடது பக்கம் குதித்துப் பார்த்தார்கள், செத்தார்கள். குனிந்தார்கள், முதுகில் கொட்டிச் செத்தார்கள். படியில் ஓடிக் காலில் கொட்டி, முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியக் கிடந்து செத்தார்கள். கடைசி நொடியில்தான் ஆபத்தே தெரிகிறது, நான் ஓடுகிற முதுகைப் பார்த்துத்தான் தெரிகிறது என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

"சீறல் கேக்கலீங்களா?" என்று மெஹ்ருன் கேட்டாள்.

"காதுக்குள்ள ஙொய்னு ஒரு சத்தம். அதைத் தவிர ஒண்ணுமே கேக்கலீங்க," என்றாள் ரங்கநாயகி.

மெஹ்ருன் கணினியைப் பார்த்தாள். "ஆமா. பதிவுல ஏதோ கோளாறு. சூட்டுல வலை பழுதாயிருக்கும். சுத்தம் பண்ணிடறேன்."

சுத்தம் பண்ணினாள். அடுத்த முறை ரங்கநாயகிக்குச் சீறல் கேட்டது. ஓடினாள், பிழைத்தாள். குப்புராஜும் பிழைத்தான். வெளியே வந்து குழந்தை மாதிரி அழுதான். ஜி.எம். செய்தி கேட்டு நேரிலேயே வந்து கை குலுக்கினார். பாடத்தைக் கையோடு டைப் அடித்து அனுப்பினார்: "உலை எழுப்பும் ஓசையைத் தொழிலாளர்கள் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும்." அதாவது, செத்தவன் கவனிக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் காட்ட இது வித்தை இல்லை.

வெடிப்பதற்கு நாலு நிமிஷம் முன்னால் நான் திபாகரை அறைந்தேன்.

முகத் தடுப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "அண்ணா, மேல மூடி. கரண்ட் நிறுத்து," என்றான். எட்டிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாப்பாட்டுக்கு முன் மூன்றாவது உருக்கு முடியவேண்டும், அச்சுகள் காத்துக்கொண்டிருந்தன. போடா என்றேன். மறுபடியும் சொன்னான். சொல்லிக்கொண்டே சுவிட்சுப் பக்கம் கை நீட்டினான். இடது கன்னத்தோடு சேர்த்துக் காதில் ஒன்று வைத்தேன். அவன் போய் அவன் இடத்தில் நின்றுகொண்டான்.

அந்த இடத்தில் வலது பக்கம் புகை உறிஞ்சும் பெரிய விசிறி ஓடும். அங்கே நிற்கிறவனுக்கு வலது காது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இடது காதை வைத்துத்தான் பிழைக்கவேண்டும். இது எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

ஙொய் என்று ரங்கநாயகி சொன்ன அன்றைக்கே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோளாறு என்று மெஹ்ருன் சொன்னதும் ஒரு பெருமூச்சு விட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கையெழுத்தைப் போட்டுவிட்டால் எல்லாம் நாற்பது வினாடிக்குள் புதைந்துவிடும். திபாகர் கவனக்குறைவால் செத்தவனாக ஏட்டில் இருப்பான். நான் நாச்சிமுத்தாகவே இருப்பேன். எனக்கு வேண்டியது அதுதான்.

பாடம் செல்ல வேண்டுமானால் நான்கு பேரும் அதைச் சோதித்திருக்க வேண்டும். நானும் பிரபுல்லாவும்தான் பாக்கி. நான் ரத்தக் கொதிப்பு, மாத்திரை என்று சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். பிரபுல்லா நான்காம் செவ்வாய் போனான். ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் உடம்புக்குள் போகிறவன் எப்படியிருப்பான்? கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான். சீறலைக் கேட்டு ஓடினான், பிழைத்தான், வெளியே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. இடது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னாச்சுப்பா?" என்றான் குப்புராஜ்.

"இங்க எரியுது. ஆரம்பத்துலேயே எரியுது. உங்களுக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. உலைச் சூடு."

ரங்கநாயகி நோட்டைப் பின்னால் புரட்டினாள். அவளும் எழுதி வைத்திருந்தாள். நாங்கள் பதில் சொல்லும் முன்பே அவளுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது, முகத்தில் தெரிந்தது.

"உலை நேர் எதுக்காலதான இருக்குது? காஞ்சா ரெண்டு கன்னமும் காயணுமே. ஏன் இடது மட்டும்?"

ரங்கநாயகி மெஹ்ருன் பக்கம் திரும்பினாள்.

"அம்மிணி, அந்த ஙொய்ங்கற சத்தம் ரெண்டு காதுலயுமா, ஒரு காதுலயா?"

மெஹ்ருன் கணினியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இடது காதுல மட்டும்," என்றாள்.

"வலை பழுதுன்னா ஒத்தைக் காதுலதான் வருமுங்களா?"

மெஹ்ருன் கணினியிலிருந்து கையை எடுத்தாள். அவள் முகம் வெளிறிப்போனது. சுத்தம் பண்ணியது அவள் கை.

பிரபுல்லா கன்னத்திலிருந்து கையை எடுக்காமல் என் பக்கம் திரும்பினான். அவனையும் நான் அறைந்திருக்கிறேன். எப்போது, எதற்கு என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. அவனுக்கு இருக்கும்.

"அண்ணா, இந்த எரிச்சல் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

விதிப்படி தெரிந்ததைச் சொல்லவேண்டும். வாய் வரவில்லை. இன்னொரு வழி இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டேன்.

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"சுத்தம் பண்ணதை எடுத்துடட்டுமா?" என்றாள் மெஹ்ருன்.

"எடுத்துருங்க அம்மிணி. வெடிக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியிருந்து விடுங்க. என்ற ஹெல்மெட் பதிவையும் சேத்துக்குங்க." உயிரோடு இருக்கிறவன் பதிவைத் திறக்க அவனே கையெழுத்துப் போடவேண்டும். போட்டேன்.

உள்ளே போனதும் முதலில் தெரிந்தது தோள் வலி. திபாகருக்குத் தோள் வலித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எதிரே மூடி கட்டியிருந்தது. மேடையில் இரண்டு வருஷம் நின்ற கண்ணுக்கு அது பட்டப்பகல் மாதிரி தெரிந்தது. அப்புறம் என்னைப் பார்த்தேன். தொப்பையும் வெற்றிலைக் கறையுமாக, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிற அந்த ஆளைப் பார்த்ததும் என் உள்ளங்கை வேர்த்தது. பயம். இரண்டு வருஷமும் இவ்வளவு பயந்துகொண்டா பக்கத்தில் நின்றான்?

சொன்னேன். மறுபடியும் சொன்னேன். கை நீட்டினேன். என் கை என் கன்னத்தில் விழுந்தது.

நான் கோபத்தில் அறைந்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் என்றால் ஒரு மாதிரி மன்னித்துக்கொள்ளலாம். அந்த முகத்தில் கோபமே இல்லை. அறைகிறபோது அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறியை அணைக்கிற மாதிரி அணைத்தார். காதுக்குள் ஙொய் என்றது. நாலு நிமிஷம் ஙொய் என்றது. பிறகு அவர் முதுகு ஓடியது. பிறகு நெஞ்சில் கடப்பாறை இறங்கியது.

வெளியே வந்ததும், "இன்னொரு வாட்டி," என்றேன்.

அறைந்தபிறகும் விடாமல் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது அறை விழுந்தது, உதடு கிழிந்தது, எரிந்து செத்தேன். பேசாமல் மேடையை விட்டு இறங்கிப் பார்த்தேன். சட்டையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார், முழங்காலில் ஒரு உதை. நொண்டிக்கொண்டு நின்று செத்தேன். காலில் விழுந்தேன், ஷூ முனையால் விலாவில் தள்ளினார். அடுத்த முறை கையை நீட்டாமல் திடீரென்று சுவிட்சுக்கு ஓடினேன், பிடரியில் இரும்புக் கம்பியால் விழுந்தது. அன்றைக்கு உலை வெடிப்பதற்கு முன்பே செத்துவிட்டேன்.

"இது நான் இல்ல," என்று நாற்காலியிலிருந்தபடியே கத்தினேன். "நான் கம்பியெல்லாம் எடுக்கமாட்டேன்!"

"உங்க பதிவு வச்சுத்தாண்ணா போடுது," என்றாள் மெஹ்ருன். "உங்க கை, உங்க நாடித் துடிப்பு, நீங்க அன்னிக்கு எங்க பாத்துட்டிருந்தீங்க, எல்லாம் வச்சு. ஒருத்தர் கரண்டை நிறுத்தப் போனா நீங்க இதைத்தான் செய்வீங்கன்னு கணக்கு சொல்லுது."

ஒன்பது முறை போனேன். ஒன்பதாவது முறைதான் இரண்டு பேரும் பிழைத்தோம். எப்படியென்று கேளுங்கள். பேசவே இல்லை. நேராகப் போய், நீளக் கரண்டியால் அந்த ஆள் முழங்காலை உடைத்து, கீழே சாய்த்து, மேலே ஏறி உட்கார்ந்து, முகத்திலேயே குத்திக் குத்தி அசையாமல் பண்ணிவிட்டு, எழுந்துபோய்க் கரண்டை நிறுத்தினேன். உலை அடங்கியது. கீழே நான் ரத்தம் கக்கிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

கண் திறந்தபோது நிஜ மூக்கிலும் ரத்தம். குப்புராஜ் துண்டை நீட்டினான். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

"தெரியும்," என்றேன் பிரபுல்லாவிடம். "நான் அறைஞ்சேன். அதனாலதான் அவனுக்குக் கேக்கல."

அவன் தலையாட்டினான். அழவில்லை, திட்டவில்லை. கேள்விதான் கேட்கலாம், அவனிடம் வேறு கேள்வி இல்லை.

ரங்கநாயகி பாடத்தை எழுதினாள். ஒரே வரி: "ஆபத்தைச் சொல்ல வந்தவரை அடிக்கக் கூடாது, அவர் சொன்னதும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்." நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். என் பாரம் பாதி இறங்கியது என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

ஜி.எம். தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷன் அவர், யாரிடமும் சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

"நாச்சிமுத்து, உட்காருங்க. உங்க நேர்மையைப் பாராட்டறேன். ஆனா காரணம்னா என்னன்னு கொஞ்சம் யோசிங்க. கை நீள்றது எல்லாப் பட்டறையிலயும் இருக்கறதுதான். அதனால யாரும் சாகறதில்ல. காது கேக்காமப் போச்சு பாருங்க, அதனால செத்தார். அப்ப எதைச் சரி பண்ணணும்?"

"கையைங்க," என்றேன்.

"காதை," என்றார்.

இரண்டு வாரத்தில் புது ஹெல்மெட் வந்துவிட்டது. காதையும் தாடையையும் மூடுகிற மாதிரி இரண்டு பக்கமும் கெட்டியான பஞ்சு மடல். மடலுக்குள் சின்ன மைக், வெளிச் சத்தத்தை வாங்கிக் காதுக்குள் விடும். மேலே எவ்வளவு அடித்தாலும் காதுக்குச் சேதமில்லையாம். ஆரஞ்சு நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"புதுப் பாடம்," என்றார் ஜி.எம். "உலை மேடையில இருக்கறவங்க காதுக் கவசம் போடணும். வட்டம் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டா நாளைக்கே உலையை எரிக்கலாம். ஹெல்மெட் தேறலைன்னா உங்க பழைய தாளையே நான் அனுப்பிடறேன். நியாயம்தானே?"

"இது நாற்காலியில சோதிக்க முடியாதுங்க சார்," என்றாள் மெஹ்ருன், தரையைப் பார்த்துக்கொண்டு. "புதுக் கவசத்துக்குப் பதிவு எதுவும் இல்ல. நிஜமா ஒருத்தர் போட்டுக்கணும். ஒருத்தர் அடிக்கணும். அப்புறம் சீறல் சத்தத்தை விட்டுப் பாக்கணும்."

"அடிக்கறது அன்னிக்கு அடிச்ச வேகத்துல இருக்கணும்," என்றார் ஜி.எம். "தடவிக் குடுத்துட்டுச் சோதனைன்னு சொல்லக் கூடாது. எத்தனை தடவை பாக்கணுமோ பாருங்க."

"நான் போட்டுக்கறேன்," என்றேன். "பிரபுல்லா அடிக்கட்டும்."

"எனக்கு வேண்டாம் அண்ணா," என்றான் அவன்.

"கேள்வி கேட்டியில்ல? இன்னும் பதில் முடியல. அடி."

மேடையிலேயே வைத்துக்கொண்டோம். உலை ஆறிக் கிடந்தது. திபாகர் நின்ற இடத்தில் நான் நின்றேன். வலது பக்கம் விசிறியை ஓடவிட்டார்கள். நாலடி தள்ளி ஒரு ஒலிபெருக்கி. மெஹ்ருன் மடியில் கணினி, அதிலிருந்து ஒரு ஒயர் என் ஹெல்மெட்டுக்கு. ஜி.எம். படிக்குப் பக்கத்தில் கைக்குட்டையோடு நின்றார். ரங்கநாயகி நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தாள்.

பிரபுல்லா அடித்தான். மெஹ்ருன் கணினியைப் பார்த்து, "வேகம் பத்தலை," என்றாள். மறுபடியும் அடித்தான். "பத்தலை." மூன்றாவது அடியில் என் தலை சுழன்று கம்பியில் இடித்தது. மடலுக்குக் கீழே தாடை ஓரம் பிளந்தது. வாயில் உப்புக் கரித்தது.

"சரியா இருக்கு," என்றாள்.

ஒலிபெருக்கியில் சீறல் விட்டார்கள். ஹெல்மெட் நல்ல ஹெல்மெட். செய்தவன் கெட்டிக்காரன். காதுக்குள் ஙொய் இல்லை, ஒன்றும் இல்லை. பாம்பு பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரி அந்தச் சீறல் துல்லியமாகக் கேட்டது.

"கேட்டுச்சாண்ணா?" என்றாள் மெஹ்ருன்.

கையைத் தூக்கினால் போதும். நாளைக்கு உலை எரியும். மேடைக்கு ஒரு ஆரஞ்சு ஹெல்மெட் வரும், அதற்குள் ஒரு தலை இருக்கும், அந்தத் தலையை எவன் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். பாதுகாப்பாக அடிக்கலாம்.

"கேக்கலீங்க," என்றேன்.

மெஹ்ருன் திரையைப் பார்த்தாள். என் காது கேட்டதா இல்லையா என்று அதில் கோடு கோடாகத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு திரையை மெதுவாகத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி பாக்கலாமா?"

பிரபுல்லா அடித்தான். பல் ஒன்று ஆடியது. சீறல் கேட்டது. கேட்கவில்லை என்றேன். அடித்தான். தாடைப் பிளவிலிருந்து ரத்தம் காலருக்குள் இறங்கியது. கேட்கவில்லை என்றேன்.

"கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க, நாச்சிமுத்து," என்றார் ஜி.எம்.

"கவனிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்."

குப்புராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிரபுல்லா கையை உதறிக்கொண்டு என் கிட்டே வந்து கண்ணுக்குள் பார்த்தான். மெஹ்ருனின் திரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. இனி மெதுவாக அடிப்பான் என்று நினைத்தேன்.

அடுத்த அடி அதுவரை விழுந்ததிலேயே பெரிய அடி. முழங்கால் மடங்கிக் கீழே போனேன். ஆடிய பல் நாக்கில் வந்து கிடந்தது. அவன் என்னைத் தூக்கி நிறுத்தி, ஹெல்மெட்டைச் சரியாக வைத்து, வாரையும் இழுத்து மாட்டினான். அவன் கன்னம் நனைந்திருந்தது.

"திபாகர் அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா, அண்ணா?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான். "அவன் கவனிச்சான், சொன்னான்னு சொல்லட்டுமா?"

"சொல்லு," என்றேன்.

சீறல் விட்டார்கள். தெளிவாகக் கேட்டது.

"கேட்டுச்சாண்ணா?"

"இல்லீங்க."

ரங்கநாயகி நோட்டில் எழுதினாள். பிரபுல்லா மறுபடியும் கையை ஓங்கினான்.